மனசு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

"ஒழுங்கா ஷிஃப்டுக்குப் போறான். ஓ.டி.கூடப் பாக்குறான். லீவு நாள்ல மட்டும் குளிக்காம, சாப்பிடாம படுத்தே கெடக்கான். இதுல என்னங்க டிப்ரஷன்? சோம்பேறித்தனம்னு சொல்லுங்க."

மறைமலை நகர், சிங்கபெருமாள் கோயில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று நீளும் இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் அறையெடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஊரில் இருக்கும் பெற்றோரும் உடன் தங்கியிருப்பவர்களும் இப்படிச் சொல்வதுண்டு. கேட்க முரட்டுத்தனமாக இருக்கலாம். ஆனால் கேட்பவர்கள் பெரும்பாலும் அக்கறையால்தான் கேட்கிறார்கள். அதனால் இதற்குக் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

வேலை நாளை எடுத்துக்கொள்வோம். முதல் ஷிஃப்ட் என்றால் விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அறையில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்து கிளம்புவார்கள்; அந்தச் சந்தடியிலேயே இவரும் எழுந்துவிடுவார். உள்ளே போனால் லைன் ஓடுகிறது. அடுத்து என்ன செய்வது என்பதை லைனே சொல்லிவிடும். மணி அடித்தால் கேன்டீன், மறுபடி மணி அடித்தால் லைன், கடைசியில் பஸ். நாள் முழுவதும் "இதைச் செய்வோம்" என்று தானாக முடிவெடுத்துத் தொடங்க வேண்டிய தருணம் அநேகமாக ஒன்றுகூட வருவதில்லை. விடுமுறை நாள் நேர் எதிர். அன்று பஸ்ஸும் மணியும் இல்லை. குளிப்பது, துணி துவைப்பது, கடைக்குப் போவது, ஊருக்குப் போன் செய்வது எல்லாவற்றையும் அவரே தொடங்க வேண்டும். மனச்சோர்வு ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பது இந்தத் தொடங்கும் திறனைத்தான். எனவே "வேலைக்குப் போகிறான், லீவு நாளில் படுத்துக் கிடக்கிறான்" என்பது அவருக்கு நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பல வேளைகளில் அது நோயின் அடையாளமாகவே இருக்கிறது.

மனச்சோர்வு என்று மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்கள்? இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடப்பது, அல்லது முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது: இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, கவனம், உடல் வலு ஆகியவற்றில் மாற்றம் வரும். தான் எதற்கும் பயனில்லை என்ற எண்ணமோ குற்ற உணர்வோ சேரும். சிலருக்குச் சாவு பற்றிய எண்ணம் வரும். அழுகையோ துக்கமோ வெளியே தெரிய வேண்டும் என்று இல்லை. நம் ஊரில் பலர் "மனசு சரியில்லை" என்று மருத்துவரிடம் போவதே கிடையாது. "அசதியா இருக்கு", "தலை பாரமா இருக்கு", "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி" என்றுதான் போகிறார்கள். வலி மாத்திரையும் சத்து ஊசியும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்த இந்தியர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அப்படி ஆளானவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. ஒரு ஷிஃப்ட் பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறினால் அதில் இரண்டு மூன்று பேர் இந்தக் கணக்கில் வரக்கூடியவர்கள்.

இப்போது ஊக்கத்துக்கு வருவோம். மனச்சோர்வில் இருப்பவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாவற்றிலும் ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது: முதலில் மனசு வர வேண்டும், அதன்பிறகு செயல் வரும். "முதல்ல மனச திடப்படுத்து." "பாசிட்டிவா யோசி." செல்போனில் ஓடும் ஊக்கப் பேச்சுகளும் இதே வரிசையில்தான் நிற்கின்றன. உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு இது ஓரளவு பலிக்கிறது. ஆகவே எல்லாருக்கும் பலிக்கும் என்று நம்பிவிடுகிறோம். மனச்சோர்வில் இந்த வரிசை வேலை செய்வதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு முடித்த பிறகும் எழ முடியாதபோது, "இதைக் கேட்டும் நான் திருந்தவில்லையே" என்ற ஒரு பழி கூடுதலாக வந்து சேர்கிறது.

ஏன் வேலை செய்வதில்லை என்பதை அமெரிக்காவில் மைக்கேல் ட்ரெட்வேயும் உடன் ஆய்வாளர்களும் எளிய சோதனை ஒன்றால் காட்டினார்கள். பங்கேற்பவர் முன் இரண்டு வேலைகள் வைக்கப்படும். ஒன்று சுலபமானது, பரிசு குறைவு. மற்றொன்று கடினமானது, பரிசு அதிகம்: பழக்கமில்லாத கையின் சுண்டு விரலால் 21 விநாடிகளுக்குள் 100 முறை பட்டனை அழுத்த வேண்டும். எதைச் செய்வது என்பது அவரவர் விருப்பம். 2012இல் வெளிவந்த ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்கள் பெரிய பரிசுக்காகக் கடின வேலையைத் தேர்ந்தெடுப்பது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. "இவ்வளவு பாடுபட்டால் இவ்வளவு கிடைக்கும், படலாம்" என்று மூளை உள்ளுக்குள் போடும் கணக்கு அவர்களுக்கு வேறு மாதிரி விழுகிறது. பாடு பெரிதாகத் தெரிகிறது, பலன் சிறிதாகத் தெரிகிறது. குளியலறைவரை பத்தடி நடப்பது மலையேற்றமாகத் தோன்றுவது நடிப்பல்ல. அவருக்குக் கணக்கு அப்படித்தான் வருகிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஒரு காரியம் இன்பம் தரும் என்று முன்கூட்டி உணர்வது வேறு, அதைச் செய்யும்போது கிடைக்கும் இன்பம் வேறு. மனச்சோர்வில் பலருக்கு முதலாவதுதான் அதிகம் அடிபடுகிறது. சினிமாவுக்குப் போகலாம் என்று நண்பன் கூப்பிடும்போது எதுவும் தோன்றாது. இழுத்துக்கொண்டு போனால், இடைவேளையில் சமோசா தின்னும்போது கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கும். கூப்பிட்டபோது இருந்த உணர்வை வைத்து முடிவெடுத்திருந்தால் அந்தக் கொஞ்சமும் கிடைத்திருக்காது. சிகிச்சை நுழையக்கூடிய வாசல் இந்த இடைவெளியில் இருக்கிறது.

1973இல் சார்லஸ் ஃபெர்ஸ்டர் என்ற உளவியலாளர், மனச்சோர்வில் ஒருவரது வாழ்க்கையிலிருந்து பலன் தரும் செயல்கள் ஒவ்வொன்றாக விலகிப் போவதையும், தப்பிப்பதற்கான செயல்கள் பெருகுவதையும் சுட்டிக்காட்டினார். அதே காலகட்டத்தில் பீட்டர் லூயின்சன் மனத்துக்குப் பிடித்த செயல்களைத் திட்டமிட்டு நாளுக்குள் திரும்பக் கொண்டுவரும் முறையை வளர்த்தார். இது மிக எளிமையாகத் தெரிந்ததால் நெடுநாள் இதற்குப் பெரிய மதிப்பு இல்லை. எண்ணங்களைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சைதான் முன்னால் நின்றது. 1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சன் குழு அந்தச் சிகிச்சையைப் பிரித்துப் பார்த்துச் சோதித்தது. செயல்களைத் திட்டமிடும் பகுதியை மட்டும் பெற்றவர்களும், முழுச் சிகிச்சையைப் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். 2006இல் சோனா டிமிஜியனும் குழுவினரும் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்த முறை மருந்துக்கு ஈடாகப் பலன் தருவதைக் கண்டார்கள். இதற்குச் செயலூக்கச் சிகிச்சை என்று பெயர்.

அமெரிக்காவில் நடந்ததெல்லாம் நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அதற்குப் பதில் கோவாவில் இருக்கிறது. அங்குள்ள சங்கத் என்ற தொண்டு நிறுவனமும் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2016 டிசம்பரில் 'லான்செட்' இதழில் வெளியானது. மனச்சோர்வு ஓரளவு கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ இருந்தவர்களே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். சிகிச்சை தந்தவர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்லர். மனநலத் துறையில் முன்பின் அனுபவம் இல்லாத, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். அடிப்படை இந்தச் செயலூக்க முறைதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேரும், இந்த அமர்வுகளையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேரும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகும் பலன் நீடித்தது. பயிற்சி பெற்ற பக்கத்துத் தெருக்காரர் ஒருவரால் இதைச் செய்ய முடியும் என்பது, மனநல மருத்துவர்கள் போதாத நம் நாட்டுக்கு எவ்வளவு பெரிய செய்தி! அது இங்குள்ள ஆலைகளின் காதுக்கு இன்னும் உரக்கப் போய்ச் சேர வேண்டும்.

வண்டி செய்யும் ஊர் என்பதால் வண்டியைக் கொண்டே சொல்கிறேன். பேட்டரி இறங்கிப்போன பைக்கில் செல்ஃப் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. செகண்ட் கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி ஓடவிட்டு, கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. இன்ஜின் ஓட ஓட பேட்டரியும் ஏறுகிறது. மனச்சோர்விலும் செயல் முன்னால் போகிறது, ஊக்கம் பின்னால் வருகிறது. முதல் சில நாட்கள் தள்ளுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கும் என்பதும் அதே போலத்தான்.

நடைமுறையில் எப்படி? முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. என்ன நடக்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். ஒரு நோட்டில், மணிக்கு ஒரு வரி: என்ன செய்தேன், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை. நாள் முழுக்க ஒரே இருட்டு என்று நினைத்திருந்தவர் நோட்டைப் பார்த்தால் சிறு ஏற்ற இறக்கங்கள் தெரியும். அக்காவிடம் போனில் பேசியபோது மூன்று; ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இரண்டு மணி நேரம் போனபோது ஒன்று; டீக்கடைவரை நடந்துபோய் வந்தபோது நாலு. எது தூக்குகிறது, எது அழுத்துகிறது என்று அவர் கையெழுத்திலேயே வந்துவிடும். அறிவுரைக்கு இல்லாத வலு அதற்கு உண்டு.

இரண்டாவது வாரம், தூக்கியவற்றில் ஒன்றிரண்டைத் தேதியும் நேரமும் குறித்து நாளுக்குள் வைக்க வேண்டும். "இந்த வாரம் நடக்கணும்" என்று எழுதினால் நடக்காது. "செவ்வாய் மாலை ஐந்தரைக்கு, செருப்பு மாட்டிக்கொண்டு தெரு முனைவரை" என்று எழுத வேண்டும். செருப்பு மாட்டுவதுகூடக் கனமாக இருந்தால், எழுந்து கதவைத் திறந்து வாசலில் ஐந்து நிமிடம் நிற்பது போதும். சிறிய அளவு என்று வெட்கப்பட வேண்டியதில்லை. தோற்க முடியாத அளவுக்குச் சிறிதாக வெட்டுவதுதான் இந்த முறையின் சூட்சுமம். குறித்த நேரம் வந்ததும் "மனசு இருக்கா?" என்று தன்னைக் கேட்கக் கூடாது, "மணி ஆச்சா?" என்று மட்டும் கேட்க வேண்டும். செய்து முடித்த பிறகு மறுபடி ஒரு மதிப்பெண். ஒரு நாள் தவறினால் அந்த அளவு அன்றைக்குப் பெரிதாகிவிட்டது என்று பொருள். இன்னும் பாதியாக வெட்டிக்கொள்ளலாம்.

செயல்கள் இரண்டு வகையாக இருப்பது நல்லது. ஒன்று இனிப்பது: பாட்டு, கேரம், பாடலாத்ரி நரசிம்மர் கோயில் குன்றைச் சுற்றி ஒரு நடை, கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு மாலை. மற்றொன்று முடித்தேன் என்ற திருப்தி தருவது: இரண்டு சட்டை துவைப்பது, வங்கியில் நின்றுபோன ஒரு வேலையை முடிப்பது, சோறு வடிப்பது. இனிப்பது மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். முடிப்பது மட்டும் என்றால் அதுவே இன்னொரு ஷிஃப்ட் ஆகிவிடும். மனிதரோடு சேர்ந்து செய்வது தனியாகச் செய்வதைவிட நன்றாகப் பிடிக்கும்.

இந்தப் பகுதிக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது: சுழல் ஷிஃப்ட். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று மாறும்போது உடலின் கடிகாரம் எந்த நேரத்துக்கும் பழகுவதில்லை. இரவு ஷிஃப்டில் வேலை செய்பவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதோடு, ஒரே பாயில் ஒருவர் எழ மற்றவர் படுக்கும் அறைகளில் பகல் தூக்கம் என்பது பேருக்குத்தான். இத்தகையவர் "காலை ஆறு மணிக்கு எழுந்து உடற்பயிற்சி" என்ற அட்டவணையைப் போட்டால் முதல் வாரமே உடைந்துவிடும். கடிகார நேரத்தைவிட, ஷிஃப்ட் முடிவதோடு செயலைக் கட்டிப்போடுவது மேல். எந்த ஷிஃப்ட் என்றாலும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு நிறுத்தம் அளவுக்கு நடப்பது, எழுந்ததும் கால் மணி நேரம் வெளிச்சத்தில் நிற்பது, தூங்குமுன் போனை அலமாரியில் வைப்பது. தூக்கம் வரட்டும் என்று குவார்ட்டர் போடுவது எதிர்வேலை செய்கிறது. மது முதலில் அசத்தும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும், மறுநாள் மனத்தை இன்னும் கீழே இறக்கும்.

ஒரு தவறான புரிதலை இங்கேயே தடுத்துவிட வேண்டும். "செயல் முன்னால், ஊக்கம் பின்னால்" என்றால் "வேலை வேலைன்னு ஓடினா எல்லாம் சரியாயிடும்" என்று பொருள் அல்ல. ஓ.டி. பார்ப்பது செயலூக்கச் சிகிச்சை ஆகாது. அறைக்குத் திரும்பினால் எண்ணங்கள் வருகின்றன என்று பயந்து இரட்டை ஷிஃப்ட் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், அது தப்பித்தல். சிகிச்சைக்கு உதவும் செயல், அந்த மனிதர் தன் வாழ்க்கையில் எதை மதிக்கிறாரோ அதை நோக்கிப் போக வேண்டும். அதற்கு அவர் கையில் நேரம் இருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அப்போது அதைக் கூலிக் கணக்காக மட்டுமே பலர் பேசினார்கள். அது மனநலக் கணக்கும்கூட.

வேலை அதிகமாவது ஒரு பக்கம் என்றால் வேலையே இல்லாமல் போவது இன்னொரு பக்கம். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னது. மறைமலை நகர் ஆலையின் உற்பத்தி 2022இல் நின்றது. அதற்கு முன்பே, 2014 நவம்பரில், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அவர்களில் பெண்கள் ஏராளம், ஊருக்குத் திரும்பினார்கள். ஆலை மூடும்போது நட்ட ஈடு பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது, நடக்கத்தான் வேண்டும். ஆனால் இருபது வருடமாக ஒருவரை விடியற்காலையில் எழுப்பிவிட்ட அந்தப் பஸ் நேரத்துக்கு ஈடு எதுவும் பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதில்லை.

அந்த இழப்பின் விலை என்ன என்பதை ஆஸ்திரியாவில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குழு பதிவு செய்திருக்கிறது. வியன்னாவுக்கு அருகில் மரியென்டால் என்ற ஊர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. பொருளாதார வீழ்ச்சியில் அது மூடப்பட்டது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அந்த ஊரை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். ஆட்களுக்கு நேரம் ஏராளம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலைகள் இருந்த பெண்கள் வேகமாக நடந்தார்கள். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஆண்கள் பலரால் சொல்ல முடியவில்லை. ஓய்வு நேரம் பெருகினால் ஆசைகள் பெருகும் என்ற நம் எதிர்பார்ப்பை அந்த ஊர் பொய்யாக்கியது. நேரத்துக்கு எலும்புக்கூடு இல்லையென்றால் ஆர்வமும் சரிந்துவிடுகிறது.

ஆகவே வேலை இழந்தவரிடம் "அடுத்த வேலை தேடு" என்று சொல்வதோடு நிறுத்தக் கூடாது. முதலில் நாளைத் திரும்பக் கட்ட வேண்டும்: பழைய நேரத்துக்கு எழுவது, சவரம் செய்வது, வீட்டை விட்டு ஒரு குறிப்பிட்ட மணிக்குக் கிளம்பி நூலகத்துக்கோ பயிற்சி நிலையத்துக்கோ சங்க அலுவலகத்துக்கோ போவது. மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் இயக்கும் எண்ணத்தை ஃபோர்டு 2024 செப்டம்பரில் அரசிடம் தெரிவித்தது. அதற்காகக் காத்திருப்பவர்களும் காத்திருக்கும் நாட்களை வெறுமையாக விட்டுவிடக் கூடாது.

செயல் ஒன்றே மருந்து என்றும் நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு மாத்திரை இல்லாமல் எழவே முடியாது. அப்படிப்பட்டவரிடம் நோட்டுப் போடச் சொல்வது கொடுமை. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்திலேயே "ஒண்ணும் தெரியல" என்று நிறுத்திவிடுவதும், நன்றாகிவிட்டது என்று தானாகவே திடீரென்று விட்டுவிடுவதும் இங்கு நடக்கும் இரண்டு பெரிய பிழைகள். குணமான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். நிறுத்துவது மருத்துவர் சொல்லிப் படிப்படியாக. இவை போதைப் பொருள் அல்ல. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை போன்றவையும் இதே அசதியைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தச் சிறு படியும் போதாது. அன்றே ஆள் துணையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சையின் தொடக்கத்தில் மனம் தெளிவதற்கு முன் உடலில் தெம்பு திரும்பும் நாட்களிலும் உடன் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

உரிமைகளையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்கள், கான்ட்ராக்ட் தொழிலாளிகள் உட்பட, இ.எஸ்.ஐ. காப்பீட்டில் வருகிறார்கள். தேவையான நாட்கள் சந்தா செலுத்தியிருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். மனநோய்க்கு இதில் விலக்கு இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. மற்ற நோய்களுக்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான்.

ஆலைகளிடம் ஒரு சொல். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. விபத்தில்லா நாட்களை எண்ணி வாசலில் பலகை வைக்கும் ஒழுங்கு இங்கு எல்லா ஆலைகளுக்கும் பழக்கம். அந்த ஒழுங்கில் ஒரு பங்கை மனநலத்துக்கும் கொடுக்கலாம். கோவாவில் செய்தது போல, ஆலைக்குள்ளேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து அமர்த்தலாம். சிகிச்சையில் இருப்பவருக்குச் சில மாதங்கள் ஷிஃப்ட் மாறாமல் இருக்கச் செய்யலாம். இதற்கு மூலதனம் எதுவும் தேவையில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தனை பேர் ஒரே இடத்தில் உறங்கும்போது, கட்டிலைப் போலவே உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகரும், மாலையில் கேள்வி கேட்பார் இல்லாமல் நடந்துவர ஒரு பாதையும் அடிப்படைத் தேவைகள்தான்.

வீட்டாரும் அறைத் தோழர்களும் பேசும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் பெரிய உதவி. "எந்திரிடா, எவ்வளவு நேரம் படுத்திருப்ப?" என்பதற்குப் பதில், "நான் டீ குடிக்கப் போறேன், நீயும் வா, பேச வேணாம், சும்மா வா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் அவர் தனியாக எழ வேண்டும். இரண்டாவதில் பாதி பாரத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல் நாளையும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். அம்மா அப்பா போனில் "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று முடிவெடுப்பதையும், காத்து கருப்பு என்று மந்திரித்துவிட்டு மருத்துவரைத் தள்ளிப்போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கோயிலுக்குப் போகட்டும், மருத்துவமனைக்கும் போகட்டும்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மறைமலை நகரிலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது நிலையத்தில் இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு காலையில் கொடுப்பார்கள். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் போய்வரலாம். போக முடியாத நேரத்தில் 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. அறையில் ஒருவர் லீவு நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அவருக்கு மனசு வரட்டும் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள். சீட்டு வாங்கும் வரிசையில் அவருக்காக நீங்கள் போய் நில்லுங்கள்.